கோப்புகளை எந்தத் தோற்றத்தில் பார்ப்பது? கணினிக் கோப்புறைகளுக்கான முழுமையான வழிகாட்டி

கணினியில் ஒரு கோப்புறையைத் திறக்கும் எவரும் ஏதோ ஒரு கேள்வியோடுதான் அதைத் திறக்கிறார். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வந்தபோது எடுத்த படங்களுள் சுவாமியின் முகம் தெளிவாக விழுந்த படம் எது, பிரதேச செயலகத்துக்குச் சென்ற மாதம் அனுப்பிய கடிதத்தின் பிரதி எங்கே, மூன்றாம் தவணை வினாத்தாளில் கடைசியாகத் திருத்தப்பட்டது எது, வன்தட்டை நிரப்பிக்கொண்டிருக்கும் பெரிய காணொளி எது என்பவை நான்கு வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு உருவமும், இரண்டாவதற்குப் பெயரும், மூன்றாவதற்குக் காலமும், நான்காவதற்கு அளவும் விடை தருகின்றன. கோப்புகளைக் காட்டும் விதத்தைத் தெரிவுசெய்வது அழகுக்கான வேலையன்று. அந்தக் கோப்புறையிடம் நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி எது என்று அறிந்து, அதற்கு விடை கண்ணில் படும்படி அமைப்பதே அதன் நோக்கம்.

திருகோணமலையில் பாடசாலை அலுவலகம், படப்பிடிப்பு நிலையம், போட்டோகொப்பிக் கடை, வீடு என்று எங்கு பார்த்தாலும் பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளே இருப்பதால், இவ்வழிகாட்டி விண்டோஸை விரிவாக எடுத்துக்கொள்கிறது. பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துவோருக்கும் மாக் வைத்திருப்போருக்கும் பின்னால் தனிப் பகுதி உண்டு. பட்டிகளின் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன், ஏனெனில் இங்குள்ள கணினிகளில் கண்ணில் படுவது அதுவே.

முதலில் பாதுகாப்புக்கான அமைப்பு

தோற்றத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு அமைப்புகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் இ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கும். விண்டோஸ் 11 எனின் மேலே உள்ள ‘வியூ’ பொத்தானை அழுத்தி, அதன் அடியில் வரும் ‘ஷோ’ என்பதற்குள் சென்று ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் 10 எனின் ‘வியூ’ தாவலிலேயே அதே பெயரில் ஒரு சிறு பெட்டி இருக்கும். இதன் பின் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் அதன் வகையைச் சொல்லும் பின்னொட்டு தெரியும். விண்டோஸ் இதை இயல்பாக மறைத்து வைப்பதால், பெயரில் பிடிஎஃப் என்று எழுதி அதன் பின் எக்ஸி என்ற உண்மையான பின்னொட்டைக் கொண்ட தீநிரல் (கணினிக்குக் கேடு செய்யும் செயலி) ஒன்று, வெறும் பிடிஎஃப் ஆவணமாகவே கண்ணுக்குத் தோன்றும்.

இரண்டாவது அமைப்பு பென்ட்ரைவ் தொடர்பானது. அச்சிடுவதற்காக ஒரே பென்ட்ரைவை வீட்டுக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுசெல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. பென்ட்ரைவ் வழியே பரவும் ஒருவகைத் தீநிரல், உங்கள் உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை (ஷோர்ட்கட்) உருவாக்கி வைக்கும். பெரிய படவுருக்களாக (ஐகொன்களாக) பார்க்கும்போது அவை கோப்புறைகளைப் போலவே இருக்கும். மூலையில் உள்ள சிறிய அம்புக்குறியைப் பலர் கவனிப்பதில்லை. குறுக்குவழிக்குரிய பின்னொட்டை, மேலே சொன்ன அமைப்பை இயக்கிய பின்னரும் விண்டோஸ் காட்டுவதில்லை என்பதால், அதைப் பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ‘டீடெய்ல்ஸ்’ என்ற விவரத் தோற்றத்தில் ‘டைப்’ என்ற நிரலை (மேலிருந்து கீழாக அமையும் பத்தியை) பார்த்தால் மட்டுமே, ‘ஃபைல் ஃபோல்டர்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘ஷோர்ட்கட்’ என்று எழுதியிருப்பது தெரியும். ஆகவே எந்தப் பென்ட்ரைவையும் விவரத் தோற்றத்தில் திறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கோப்புறை இருக்கவேண்டிய வரியில் குறுக்குவழி இருப்பதாகத் தெரிந்தால் அதைச் சொடுக்காதீர்கள். நச்சுநிரல் தடுப்பானால் பென்ட்ரைவை முழுவதும் சோதித்துத் துப்புரவாக்கிய பின்னர், ‘ஷோ’ பட்டியில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதை இயக்குங்கள். அப்போதும் கோப்புறைகள் தென்படாவிட்டால், ‘ஃபோல்டர் ஒப்ஷன்ஸ்’ சாளரத்தின் ‘வியூ’ தாவலில் ‘ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதற்கு எதிரே உள்ள குறியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் உண்மையான கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். உள்ளடக்கத்தை வேறிடத்தில் பிரதி எடுத்த உடனே அக்குறியை மீண்டும் இடவேண்டும், ஏனெனில் இயங்குதளத்துக்குரிய கோப்புகளைத் தவறுதலாக அழிக்காமல் காப்பது அதுவே.

எட்டுத் தோற்றங்கள்

விண்டோஸில் தோற்றங்கள் எட்டு. கொன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய இரு விசைகளையும் பிடித்துக்கொண்டு 1 முதல் 8 வரையான எண் விசைகளை அழுத்தினால் அவை வரிசையாக மாறும். 1 மிகப் பெரிய படவுரு, 2 பெரிய படவுரு, 3 நடுத்தரப் படவுரு, 4 சிறிய படவுரு, 5 பட்டியல், 6 விவரம், 7 ஓடுகள், 8 உள்ளடக்கம். இவற்றுள் 2, 6 ஆகிய இரண்டை மனத்தில் வைத்துக்கொண்டால் அன்றாட வேலை பெரும்பாலும் நடந்துவிடும். விசைகளை நினைவில் வைக்க விரும்பாதவர்கள், கொன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு சுட்டியின் உருளையை மேலும் கீழும் உருட்டினாலும் தோற்றம் படிப்படியாக மாறும்.

படவுருத் தோற்றங்கள் உருவத்தைக் கொண்டு தேடுவதற்கு உரியவை. மிகப் பெரிய படவுருவின் பக்கம் 256 பிக்சல், பெரியதன் பக்கம் 96, நடுத்தரத்தின் பக்கம் 48, சிறியதன் பக்கம் 16. புறாத்தீவுக்கு அருகே நீரடியில் எடுத்த படங்களுள் ஒரே மீனின் ஐந்தாறு படங்களை ஒப்பிட்டு ஒன்றைத் தெரிவுசெய்யும்போது மிகப் பெரிய படவுருவே உதவும். 96 பிக்சலில் குவியம் தவறியது தெரியாது. கூட்டப் படங்களுள் இன்னார் இருக்கும் படம் எது என்று தேடுவதற்குப் பெரிய படவுரு போதும். சிறிய படவுருவில் படத்தின் உள்ளடக்கம் தெரியாது. கோப்பின் வகையைக் குறிக்கும் சின்னம் மட்டுமே தெரியும்.

பட்டியல் தோற்றம் பெயர்களை மேலிருந்து கீழாக அடுக்கி, திரை நிறைந்ததும் அடுத்த நிரலுக்குத் தாவும். பெயர் நன்கு தெரிந்திருந்து, கோப்புகள் மிகப் பலவாக இருக்கும் இடத்தில் அது பொருத்தமானது. ஓடுகள் தோற்றத்திலும் உள்ளடக்கத் தோற்றத்திலும் இடம் வீணாவதே மிகுதி என்பது என் கருத்து. ஒரு கோப்புறையில் பத்துப் பதினைந்து கோப்புகள் மட்டும் இருந்தால் பயன்படுத்திப் பார்க்கலாம்.

விவரத் தோற்றத்தை முழுமையாகப் பயன்படுத்துதல்

அலுவலக வேலைக்கும் பாடசாலை வேலைக்கும் விவரத் தோற்றமே அடிப்படை. பெயர், திருத்திய நாள், வகை, அளவு என்னும் நான்கு நிரல்கள் இயல்பாக இருக்கும். நிரலின் தலைப்பை ஒருமுறை சொடுக்கினால் அதன்படி வரிசைப்படும். மீண்டும் சொடுக்கினால் வரிசை தலைகீழாகும். திருத்திய நாளின் தலைப்பைச் சொடுக்கி அண்மையது மேலே வரும்படி வைத்தால், ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘மெய்யான இறுதி’ என்று பெயரிடப்பட்ட வினாத்தாள்களுள் எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்பது உடனே புலப்படும்.

நிரல்களைக் கூட்டவும் குறைக்கவும் தலைப்பு வரியின்மேல் சுட்டியின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் வேண்டியதைத் தெரிவுசெய்யலாம்; அங்கே இல்லாதவற்றை அடியில் உள்ள ‘மோர்’ என்பதற்குள் காணலாம். காணொளிகள் உள்ள கோப்புறைக்கு ‘லெங்த்’ என்ற கால அளவும், படங்கள் உள்ள கோப்புறைக்கு ‘டேட் டேக்கன்’ என்ற எடுத்த நாளும் ‘டைமென்ஷன்ஸ்’ என்ற பிக்சல் அளவும் சேர்த்துக்கொள்ளத் தக்கவை. அதே பட்டியலின் மேற்பகுதியில் உள்ள ‘சைஸ் ஓல் கொலம்ஸ் டு ஃபிட்’ என்பது எல்லா நிரல்களையும் அவற்றின் உள்ளடக்கத்துக்கு ஏற்ற அகலத்துக்குக் கொண்டுவரும். பெயர் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாக நிற்கும் தொல்லை அத்தோடு தீரும்.

நாட்களைப் பற்றி ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்கவேண்டும். விண்டோஸில் ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதி எடுத்தால், பிரதிக்குரிய ‘உருவாக்கிய நாள்’ அந்தப் பிரதி எடுக்கப்பட்ட நாளாகிவிடும். ‘திருத்திய நாள்’ பழையபடியே இருக்கும். படத்தைச் சற்றுத் திருப்பிச் சேமித்தாலோ திருத்திய நாளும் மாறிவிடக்கூடும். கமரா பதிவுசெய்த ‘எடுத்த நாள்’ படக்கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், பல ஆண்டுப் படங்களை வரிசைப்படுத்த நம்பத்தக்கது அதுவே. ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பப்படும்போது அந்தத் தகவல் நீக்கப்பட்டுவிடுவதால், அவ்வாறு வந்த படங்களுக்கு அந்த நிரல் வெறுமையாக இருக்கும். திருமணப் படங்களையோ கள ஆய்வுப் படங்களையோ உறவினரிடமும் சக பணியாளரிடமும் பெறும்போது, படமாக அன்றி ஆவணமாக அனுப்பும்படி கேட்டுக்கொண்டால் எடுத்த நாளும் கூடவே வந்துசேரும், படத்தின் தரமும் குறையாது.

நிரலின் தலைப்புக்கு வலப்பக்கம் சுட்டியைக் கொண்டுசென்றால் சிறிய கீழ்நோக்கிய குறி ஒன்று தோன்றும். அதைச் சொடுக்கினால் வடிகட்டி திறக்கும். வகை நிரலில் பிடிஎஃப் என்பதற்கு மட்டும் குறியிட்டால் மற்றவை எல்லாம் மறைந்துவிடும். நாள் நிரலில் ஒரு நாட்காட்டியே திறக்கும். இந்த வசதியைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்பது எனக்கு வருத்தம் தரும் விடயம், ஏனெனில் நூற்றுக்கணக்கான கோப்புகள் குவிந்த ஒரு கோப்புறையில் இதைவிட விரைவாக ஒன்றைக் கண்டெடுக்கும் வழி அரிது. வேலை முடிந்ததும் குறியை எடுத்துவிட மறக்கவேண்டாம். எடுக்காவிட்டால் கோப்புகள் காணாமற்போய்விட்டன என்று அடுத்தவர் கலங்க நேரும்.

அளவு நிரல் கோப்புகளுக்கு மட்டுமே விண்டோஸில் விடை தரும். கோப்புறைகளுக்கு எதிரே அது வெறுமையாகவே இருக்கும். ஒரு கோப்புறையின் மொத்த அளவை அறிய அதைத் தெரிவுசெய்து ஆல்ட், என்டர் விசைகளைச் சேர்த்து அழுத்தவேண்டும்.

குழுவாகப் பிரிப்பது வரிசைப்படுத்துவதிலிருந்து வேறானது. வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தி ‘குரூப் பை’ என்பதற்குள் சென்றால், கோப்புகளை வகை வகையாகவோ நாள் வாரியாகவோ தலைப்பிட்டுப் பிரிக்கலாம். பதிவிறக்கக் கோப்புறை இப்போதைய விண்டோஸில் ‘இன்று’, ‘நேற்று’, ‘சென்ற வாரம்’ என்று தானாகவே பிரிந்து நிற்பது இதனால்தான். அவ்வாறு பிரிந்து நிற்கும் கோப்புறையில் பெயரைச் சொடுக்கினாலும் முழுப் பட்டியலும் அகரவரிசையில் வராது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மட்டுமே வரிசை மாறும். அது இடையூறாக இருந்தால் ‘குரூப் பை’ பட்டியில் ‘நன்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

ஒரு தோற்றத்தை எல்லாக் கோப்புறைகளுக்கும் பரப்புதல்

விண்டோஸ் ஒவ்வொரு கோப்புறையையும் ஐந்து அச்சுகளுள், அதாவது முன்னமைந்த வகைகளுள், ஒன்றாகக் கருதுகிறது: பொது, ஆவணம், படம், இசை, காணொளி. உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்த்து இன்ன அச்சு என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். கடிதங்கள் உள்ள கோப்புறையில் ஸ்கான் செய்த படங்களை நிறைய இட்டால், அது படக் கோப்புறையென்று ஊகிக்கப்பட்டு ஒருநாள் திடீரெனப் பெரிய படவுருக்களாகத் தோன்றக்கூடும். இதைத் தடுக்க, கோப்புறையின்மேல் வலது பொத்தானை அழுத்தி ‘புரொப்பர்ட்டீஸ்’ சென்று, ‘கஸ்டமைஸ்’ தாவலில் ‘ஒப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபோர்’ என்பதற்கு அடியில் வேண்டிய அச்சைத் தெரிவுசெய்து, அடியிலுள்ள பெட்டியில் குறியிட்டு உட்கோப்புறைகளுக்கும் அதைப் பரப்புங்கள்.

அச்சு நிலைபெற்ற பின்னரே பரப்பும் வேலையைத் தொடங்கவேண்டும். அதன் படிகள் இவை. முதலில் பொது அச்சுக் கோப்புறை ஒன்றைத் திறந்து, விவரத் தோற்றம், நிரல்கள், அவற்றின் அகலம், வரிசை, குழுவின்மை ஆகிய அனைத்தையும் நீங்கள் விரும்பியபடி அமையுங்கள். பின்னர் விண்டோஸ் 11 எனின் மேலே உள்ள மூன்று புள்ளிகளையும், விண்டோஸ் 10 எனின் ‘வியூ’ தாவலின் வலக்கோடியையும் பார்த்து ‘ஒப்ஷன்ஸ்’ என்பதைத் திறவுங்கள். வரும் சாளரத்தில் ‘வியூ’ தாவலுக்குச் சென்று ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ என்பதை அழுத்தி உறுதிசெய்யுங்கள். இது அதே அச்சைச் சேர்ந்த கோப்புறைகளை மட்டுமே மாற்றும். ஆகவே ஆவண அச்சுக்கும் படம், இசை, காணொளி அச்சுகளுக்கும் ஒவ்வொரு கோப்புறையைத் திறந்து இதே படிகளைத் திரும்பச் செய்யவேண்டும். ஒருமுறை அமைத்தும் மாறவில்லையே என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

என் பரிந்துரை இது: பொது, ஆவணம், இசை ஆகிய மூன்றுக்கும் விவரத் தோற்றம், படத்துக்குப் பெரிய படவுரு, காணொளிக்குக் கால அளவு நிரலோடு கூடிய விவரத் தோற்றம். காணொளியின் முதற்காட்சி பெரும்பாலும் ஒரேமாதிரி இருப்பதால் படவுரு அங்கே பயன் குறைந்தது. எல்லாம் குழம்பிவிட்டால், அதே தாவலில் உள்ள ‘ரீசெட் ஃபோல்டர்ஸ்’ பழைய நிலைக்குக் கொண்டுவரும். செயலிகளுக்குள் ‘ஓப்பின்’, ‘சேவ்’ என்று வரும் சிறு சாளரங்களின் தோற்றம் இவற்றிலிருந்து தனியாகவே நினைவில் வைக்கப்படுவதால், அவற்றை அங்கேயே ஒருமுறை மாற்றிக்கொள்ளவேண்டும்.

முன்னோட்டமும் பிறர் கண்ணும்

ஆல்ட் விசையோடு பி எழுத்தை அழுத்தினால் வலப்பக்கத்தில் முன்னோட்டப் பலகம் திறக்கும். விவரத் தோற்றமும் முன்னோட்டப் பலகமும் சேர்ந்திருப்பது, நாளையும் உருவத்தையும் ஒருசேரக் காணத் தரும் மிகச் சிறந்த அமைப்பு. ஆனால் பழைய மடிக்கணினியில் பெரிய கோப்பொன்றைத் தொட்டதும் சில நொடிகள் நின்றுபோகும். வேகம் குறைந்த கணினிகளில் பலகத்தை மூடிவிட்டு, ‘ஃபோல்டர் ஒப்ஷன்ஸ்’ சாளரத்தின் ‘வியூ’ தாவலில் ‘ஓல்வேய்ஸ் ஷோ ஐகொன்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்’ என்பதைக் குறித்துவிட்டால் கோப்புறைகள் விரைவாகத் திறக்கும்.

போட்டோகொப்பிக் கடை நடத்துவோரிடமும் அரச அலுவலகங்களின் முன்மேசையில் பணிபுரிவோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில் மக்களின் தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்கள் சேர்கின்றன. அவை பெரிய படவுருக்களாகத் திரையில் விரிந்திருக்கும்போது, அடுத்து வரிசையில் நிற்பவர் அனைத்தையும் படிக்கலாம். ஒரு பெண்ணின் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் அறிமுகமற்றவர் கண்ணில் படுவது சிறிய விடயமன்று. அத்தகைய கணினிகளில் விவரத் தோற்றமே இருக்கவேண்டும். முன்னோட்டப் பலகம் மூடியே இருக்கவேண்டும். அச்சிட்டு முடிந்ததும் கோப்பை அழித்தாலும், சிறுபட உருவங்கள் பயனர் கணக்குக்குள் வேறோர் இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், ‘டிஸ்க் கிளீனப்’ செயலியைத் திறந்து ‘தம்ப்நெயில்ஸ்’ என்பதைக் குறித்து அவ்வப்போது துப்புரவு செய்யுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல்கள்

கோப்புக்குத் தமிழில் பெயரிடுவோர் மூன்று விடயங்களை அறிந்திருப்பது நல்லது. பாமினி எழுத்துரு இன்றும் நம் அலுவலகங்களில் வழக்கில் உள்ளது. அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணம் உள்ளே தமிழாகத் தெரிந்தாலும், அதே முறையில் இட்ட கோப்புப் பெயர் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற தொடராகவே கோப்புறையில் தோன்றும், ஏனெனில் கோப்புறை பெயர்களைக் காட்டுவது கணினியின் சொந்த எழுத்துருவில். பெயரை யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) விசைப்பலகையால் மட்டுமே தட்டச்சு செய்யவேண்டும். பாமினி நிறுவப்படாத கணினியில் முன்னோட்டப் பலகமும் அந்த ஆவணத்தைச் சிதைத்தே காட்டும். கோப்பு பழுதாகிவிட்டது என்று அப்போது முடிவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, அகரவரிசை. யூனிகோட் அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நம் அகராதி வரிசையில் இல்லை. அங்கே ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும், ‘ள’, ‘ழ’ இரண்டும் ‘வ’வுக்கு முன்னும் நிற்கின்றன, புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் நிற்கிறது. கோப்பு மேலாளர், அதாவது கோப்புறைகளைத் திறந்து காட்டும் செயலி, மொழி அறிந்து வரிசைப்படுத்தினால் அகராதி வரிசை கிடைக்கும். எண் குறியீட்டை மட்டும் பார்த்தால் கிடைக்காது. சோதித்துப் பார்ப்பது எளிது. ‘மலை’, ‘மறை’, ‘மனை’ என்று மூன்று வெற்றுக் கோப்புறைகளை உருவாக்கிப் பெயரால் வரிசைப்படுத்துங்கள். இதே வரிசையில் நின்றால் அகராதி வரிசை. ‘மனை’, ‘மறை’, ‘மலை’ என்று தலைகீழாக நின்றால் குறியீட்டு வரிசை. இரண்டாவது விடை வந்தால், மாணவர் பெயர்ப் பட்டியலைப் போல் வரிசை முக்கியமான இடங்களில் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணிட்டுக்கொள்வதே உறுதியான வழி. விண்டோஸ் எக்ஸ்பி காலம் முதலே 2 என்பது 10 என்பதற்கு முன்னால் வரும்படி எண்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன என்றாலும், இதைச் செய்யாத கருவிகளும் இருப்பதால் முன்னால் சுழியம் இடுவது எங்கும் பொருந்தும்.

மூன்றாவது, பெயரின் நீளம். படவுருத் தோற்றத்தில் சில வரிகளுக்குள் அடங்காத பெயர் வெட்டப்படும். ‘வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கை 2023’, ‘வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கை 2024’ என்ற இரண்டிலும் வேறுபாடு இறுதியில் இருப்பதால், வெட்டப்பட்ட பின் இரண்டும் ஒன்றுபோலாகிவிடும். வேறுபடுத்தும் பகுதியை முன்னால் வையுங்கள். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டு மட்டுமே இடம். தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு எடுக்கும். ‘திருகோணமலை’ என்ற சொல் கண்ணுக்கு ஆறு எழுத்தாக இருப்பினும் கணினிக்கு 10 குறியீடு, 30 பைட்டு. விண்டோஸில் நீளமாகப் பெயரிட்ட கோப்பு சில வேளை லினக்ஸ் கணினிக்குப் பிரதியாக மறுப்பதற்குக் காரணம் இது.

லினக்ஸும் மாக்கும்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறைவுற்றதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நிறுவுவது பொருத்தமான தெரிவு. மின்டின் சினமன் பதிப்பில் உள்ள கோப்பு மேலாளர் நீமோ. அதில் கொன்ட்ரோல் விசையோடு 1 படவுருவையும், 2 விவரப் பட்டியலையும், 3 நெருக்கமான தோற்றத்தையும் தரும். மறைந்தவற்றைக் காண கொன்ட்ரோலும் எச் எழுத்தும். சாளரத்தை இரண்டாகப் பிரித்து இரு கோப்புறைகளை அருகருகே வைக்க எஃப் 3. ‘எடிட்’ பட்டியில் ‘பிரெஃபரன்சஸ்’ திறந்து புதிய கோப்புறைகளுக்கான இயல்புத் தோற்றத்தை அமைக்கலாம். அங்கேயே நாளைக் காட்டும் முறையையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

லினக்ஸின் இன்னொரு திரைச்சூழலான ஜிநோமின் கோப்பு மேலாளரில் கட்டம், பட்டியல் என்று இரண்டு தோற்றங்களே உண்டு. நெருக்கமான தோற்றமும் இரட்டைப் பலகமும் 2012இல் வந்த 3.6 பதிப்பில் நீக்கப்பட்டன. எனினும் அதன் விருப்பங்களில், கட்டத் தோற்றத்தில் பெயருக்கு அடியில் அளவையோ நாளையோ காட்டும் வசதியும், பட்டியலில் கோப்புறைகளை அங்கேயே விரித்துப் பார்க்கும் வசதியும் உள்ளன. கேடிஈ என்ற திரைச்சூழலின் கோப்பு மேலாளரான டொல்பின் இவற்றுள் மிக விரிவானது. எல்லாக் கோப்புறைகளுக்கும் ஒரே தோற்றமா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா என்பதை அதன் அமைப்பில் முதலிலேயே தெளிவாகத் தெரிவுசெய்யலாம். கொன்ட்ரோலும் ஐ எழுத்தும் அழுத்தினால் வடிகட்டிப் பட்டை திறக்கும். நினைவகம் மிகக் குறைந்த கணினிகளுக்கு உரிய எக்ஸ்எஃப்சிஈ என்ற திரைச்சூழலில் துனார் என்ற கோப்பு மேலாளர் இருக்கும். அதிலும் 1, 2, 3 என்ற விசைகள் நீமோவைப் போன்றே அமைந்துள்ளன.

மாக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டரில் கொமாண்ட் விசையோடு 1 படவுரு, 2 பட்டியல், 3 நிரல், 4 காட்சிக்கூடம். நிரல் தோற்றம் ஒவ்வோர் உட்கோப்புறையையும் வலப்பக்கத்தில் அடுத்தடுத்து விரிப்பதால், ஆழமான அடுக்குகளுக்குள் வழி தவறாமல் செல்ல உதவும். கொமாண்டும் ஜே எழுத்தும் அழுத்தி வரும் சாளரத்தில் அமைப்பைச் சரிசெய்து ‘யூஸ் அஸ் டிஃபோல்ட்ஸ்’ என்பதை அழுத்தினால் அது இயல்பாகிவிடும்.

வேறு கணினிக்குச் செல்லும்போது

விண்டோஸ் இந்த அமைப்புகளை எல்லாம் அந்தக் கணினியில் உள்ள உங்கள் பயனர் கணக்குக்குள் எழுதி வைக்கிறது, பென்ட்ரைவில் எழுதுவதில்லை. வீட்டில் எவ்வளவு கவனமாக வரிசைப்படுத்தினாலும், அதே பென்ட்ரைவை வலயக் கல்வி அலுவலகத்தில் திறக்கும்போது அங்குள்ள கணினியின் தோற்றமே வரும். வரிசை உங்களோடு பயணிக்கவேண்டுமானால் அது கோப்பின் பெயரில் இருக்கவேண்டும். நாளை 2025-03-09 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் பெயரின் தொடக்கத்தில் எழுதுங்கள். நாள், மாதம், ஆண்டு என்ற நம் வழக்கமான ஒழுங்கில் எழுதினால் எல்லா மாதங்களின் 9ஆம் திகதிகளும் ஒன்றாகச் சேரும். மாதத்தைச் சொல்லால் எழுதினால் ஏப்ரல் ஜனவரிக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்குப் பெயர் மாற்ற, விண்டோஸில் அவற்றை எல்லாம் தெரிவுசெய்து எஃப் 2 விசையை அழுத்தி ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால், அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் சேர்ந்து அனைத்துக்கும் அப்பெயர் வரும். எண்கள் வரிசையாக அமையவேண்டுமானால், முதலில் எடுத்த நாளின்படி வரிசைப்படுத்தி, அனைத்தையும் தெரிவுசெய்து, பட்டியலின் முதற்கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்திப் பெயரை மாற்றுங்கள். பெயரின் நடுவில் மட்டும் மாற்றம் வேண்டுமானால், மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டொய்ஸ் தொகுப்பில் உள்ள பவர்ரீநேம் கருவி அதைச் செய்யும். துனாரிலும் ஜிநோமின் கோப்பு மேலாளரிலும் அவ்வசதி உள்ளேயே இருக்கிறது. மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன் கோப்புறையின் பிரதி ஒன்றை வேறு வன்தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.